படிக்கட்டு எந்தப் பக்கம்?

“மனுஷன் பொய் சொல்லுவான். ஏன், வீடே பொய் சொல்லும். பதிவு பொய் சொல்லாது” என்றார் கிளை மேலாளர். அரை மணி நேரத்தில் இது நான்காவது தடவை.

ரிங்டோன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவையும் சொன்னால் எழுந்து நின்று கை தட்டுவது என்று தீர்மானித்திருந்தாள்.

ரிங்டோன் என்பது அவள் அம்மா வைத்த பெயர் இல்லை. எட்டு வருடம் அவள் போனில் இன்சூரன்ஸ் விற்றாள். ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டதும் போனை வைத்தவர்கள். மீதிப் பேர் திட்டிவிட்டு வைத்தவர்கள். அந்தத் திட்டெல்லாம் வாங்கி வாங்கி ஏறிய வாய்க் கொழுப்பைத்தான் இப்போது துப்பறியும் தொழிலில் முதலாகப் போட்டிருந்தாள்.

அவளுடைய முதலாளிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஈரம். வெள்ளத்தில் நனைந்த வீடுகளைப் போய்ப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். சுவரை முகர்ந்தே எந்த மழை என்று சொல்லிவிடுவார், அதனால் வந்த பெயர் என்பது அவர் கட்சி. நெஞ்சில் அது ஒரு சொட்டும் கிடையாது, அதனால் வந்த பெயர் என்பது அவரிடம் இழப்பீடு கேட்டுப் போனவர்கள் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க மனைவி விடவில்லை. துப்பறிவாளர் ஆகிவிட்டார்.

இருவருக்கும் நடுவே, அவர்களைத் துணைக்கு அழைத்து வந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கைப்பை எழுந்து ஓடிவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள்.

அவள் வாங்கப்போவது, கால்வாயை நோக்கிச் சரியும் ஒரு தெருவில் பதினெட்டாம் எண் வீடு. விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, வங்கிக் கடனும் கைக்கு எட்டியாகிவிட்டது. வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்த பத்திரத்தை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் காட்டினால் கடன். காட்டாவிட்டால் கையை விரித்துவிடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஏழு கம்பெனிகள் ஏறி இறங்கிவிட்டாள். ஏழு இடத்திலும் கம்ப்யூட்டர் ஒரே பாட்டைத்தான் பாடியது. அந்த வீட்டில் ஆறு வருடத்தில் மூன்று வெள்ளம். மூன்றுக்கும் பழைய உரிமையாளர் இழப்பீடு வாங்கியது இந்தக் கம்பெனியில். ஆகவே பாட்டு எழுதியவரிடமே வந்துவிட்டார்கள்.

“பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன் சார். ‘உங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்லம்மா’ன்னு அடிச்சுச் சொல்றார்” என்றாள் நர்ஸ்.

“அவர் சொல்லுவார். அவருக்கு என்ன, நாக்கா தேயுது?” என்ற மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதிவுல மூணு தடவை இருக்கு. உங்களுக்கு பாலிசி கொடுத்தா என் சீட்டு கிழிஞ்சிடும். ஒரு மணிக்கு நான் வெளிய போகணும். சொந்த வேலை.”

மேஜையில் கோப்புகளுக்கு நடுவே, திரைச்சீலைத் துணி மாதிரிகள் ஒட்டிய தடிமனான ஆல்பம் ஒன்று கிடந்தது. ரிங்டோன் அதைப் புரட்டினாள்.

“இது எதுக்கு சார்? இல்லைன்னு சொல்லி அனுப்பறவங்க கண்ணைத் துடைச்சுக்கவா?”

“புது வீட்டுக்கும்மா!” அவர் ஆல்பத்தைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஈரம் மேஜைப் பக்கம் குனிந்தார். மெதுவாகக் கேட்டார். “மூணு தடவையும் யாரு போய்ப் பார்த்தா?”

“சின்ன கிளெய்ம் சார். அதுக்கெல்லாம் ஆள் அனுப்பற வழக்கம் இல்ல. போட்டோ போதும்.”

“அந்தப் போட்டோவை நாங்க பார்க்கலாமா?”

“தாராளமா. வாங்கப்போறவங்க வீட்டோட லட்சணத்தைத் தெரிஞ்சுக்கட்டும்.” மேலாளர் கோப்பிலிருந்து மூன்று படங்களை உருவி மேஜையில் சீட்டு மாதிரி விசிறினார். “எடுத்துட்டே போங்க. என்கிட்ட நகல் இருக்கு. மறுபடியும் சொல்றேன், பதிவு...”

ரிங்டோன் எழுந்து கை தட்டினாள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

*

ஈரத்தின் கார் அவரைவிடப் பழையது. அவரைவிட அதிகம் பேசும். அதன் முனகலுக்கு மேலே குரலை உயர்த்தி நர்ஸ் பின் சீட்டிலிருந்து சொன்னாள்.

“சார், ஒரு விஷயம் சொல்லிடறேன். எனக்கு பேப்பர் மட்டும் போதாது. எங்கப்பாவுக்கு இடது கால் முழங்காலோட எடுத்தாச்சு. இப்ப இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எட்டு மாசமா அவர் தெருவைப் பார்க்கல. தரைத்தளத்துல ஒரு ரூம், சக்கர நாற்காலி போற அளவுக்கு அகலமான கதவு, இதுக்காகத்தான் அந்த வீடு. நான் ட்யூட்டில இருக்கும்போது தண்ணி வந்தா அவரால மாடிக்கு ஓட முடியாது. அதனால நீங்க எனக்காகப் பொய்யா எதையும் நிரூபிக்க வேணாம். வருமா, வராதா? அது எனக்குத் தெரியணும்.”

ரிங்டோன் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“எங்ககிட்ட வந்த ஆளுங்கள்ல உண்மை வேணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்” என்றாள் ரிங்டோன். “சார், விலைப் பட்டியல்ல அதுக்கு ரேட் போட்டிருக்கோமா?”

ரிங்டோன் மடியில் இருந்த படங்களைப் பார்த்தாள். மூன்றும் ஒரே கூடம். வாசலில் நின்று எடுத்தவை. முழங்கால் அளவு பழுப்புத் தண்ணீர். அதில் ஒரு செருப்பு, ஒரு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு தலையணை எல்லாம் குடும்பத்தோடு சுற்றுலா போய்க்கொண்டிருந்தன. இடப்பக்கம் மாடிப்படி. எதிர்ச்சுவரில் பெரிய வட்டக் கடிகாரம். மூன்று படத்திலும் மணி வேறு வேறு. தண்ணீர் மட்டும் ஒரே உயரம்.

“ஒழுக்கமான வெள்ளம் சார். கோடு தாண்டறதே இல்ல” என்றாள்.

*

தெருவின் கடைசியில் இரண்டே வீடுகள், நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நின்றன. எதிரே ஏதோ கிடங்கின் நீளமான மதில். பதினெட்டைத் தாண்டினால் இருபது. இருபதைத் தாண்டினால் கால்வாய். பழைய உரிமையாளர் வீட்டைக் காலி செய்து வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. தரகர் கொடுத்த சாவியால் நர்ஸ் கதவைத் திறந்தாள்.

காலி வீடு. பூட்டிக்கிடந்த வீட்டுக்கே உரிய புழுக்கம். ஈரம் நாலு சுவரையும் சுற்றி வந்து மூக்கை உறிஞ்சினார்.

“என்ன சார், வாசனை என்ன சொல்லுது?”

“எலி. வேற ஒண்ணும் இல்ல.”

பிறகு அவர் மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் காரைப் போலவே முனகின. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அந்தக் கால வழக்கப்படி, கருப்பு பிளக் பாயிண்ட் ஒன்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் மூடியைக் கழற்றினார்.

“சார், கரெண்ட் இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு விரலை விடுங்க. எனக்கு இந்த மாசச் சம்பளம் இன்னும் வரல.”

“இங்க வந்து பாரு.”

ரிங்டோன் குனிந்து பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி தூசி. அதன் நடுவே அடுக்கடுக்காகச் சிலந்தி வலை. பல வருடத்து வலை. ஒரு மூலையில் முட்டைப் பை; அதற்குக் காவலாக ஒரு சிலந்தி. திடீரென்று வெளிச்சம் விழுந்ததில் அது கோபமாகக் காலைத் தூக்கியது.

“மூணு தடவை முழங்கால் அளவு தண்ணி” என்றார் ஈரம். “இந்த பிளக் மூணு தடவையும் முழுகியிருக்கணும். உள்ள சேறு காய்ஞ்சு கிடக்கணும். ஸ்க்ரூ துரு ஏறிக் கழலாம அடம்பிடிக்கணும். இது வெண்ணெய் மாதிரி கழண்டு வருது. சிலந்தி நாலு தலைமுறையா குடித்தனம் நடத்துது.”

“அப்ப பதிவு?”

“பதிவைச் சிலந்தி படிக்கல போலிருக்கு.”

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அப்ப... வெள்ளமே வரலையா சார்? போட்டோ?”

ரிங்டோன் வாசலுக்குப் போய் நின்று, ஒரு படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். படத்தைப் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“சார், படிக்கட்டு எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். உன் கண் முன்னாலதானே இருக்கு.”

“போட்டோல இடப்பக்கம் இருக்கு சார்.” அடுத்த நொடியே அவளுக்கு உற்சாகம் வடிந்தது. “அட, சில போன்ல இப்படி ஆகும். படம் இடவலமா திரும்பிடும். என் தங்கச்சி போன்ல எடுத்தா எனக்கு மச்சம் இந்தக் கன்னத்துலேர்ந்து அந்தக் கன்னத்துக்குப் போயிடும்.”

“நல்ல யோசனை” என்றார் ஈரம். அவர் அப்படிச் சொன்னால் யோசனை தப்பு என்று அர்த்தம். “அந்தக் கடிகாரத்துல மணி என்ன?”

“பத்தே கால்.”

“எப்படிப் படிச்சே?”

ரிங்டோன் படத்தை மூக்கருகே கொண்டுபோனாள். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்கள் அழகாக வலப்பக்கம் இறங்கிப் போயின. எந்த எண்ணும் தலைகீழாகவோ திரும்பியோ இல்லை. படம் திரும்பியிருந்தால் கடிகாரமும் திரும்பியிருக்க வேண்டும்.

“படம் நேராத்தான் இருக்கு” என்றாள் மெதுவாக. “வீடுதான் திரும்பியிருக்கு.”

மூன்று பேரும் ஒரே சமயத்தில் நடுச்சுவரைப் பார்த்தார்கள்.

வெளியே வந்து பார்த்தபோது, இத்தனை நேரம் இது கண்ணில் படாமல் போனதே என்று ரிங்டோனுக்கு வெட்கமாக இருந்தது. கட்டியவன் ஒரு வீட்டை வரைந்து, அதைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, இரண்டாவதைக் கட்டியிருந்தான். இங்கே ஜன்னல் இடது என்றால் அங்கே வலது. ஆனால் தெரு கால்வாய்ப் பக்கம் சரிவதால் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. பதினெட்டின் வாசற்படி, இருபதின் ஜன்னல் விளிம்புக்கு நேராக இருந்தது.

“கிட்டத்தட்ட மூணு அடி வித்தியாசம்” என்றார் ஈரம். “அங்க முழங்கால் வரைக்கும் வந்தா, இங்க படியில கால் கழுவிட்டுப் போயிடும்.”

*

இருபதாம் எண் வீட்டுக்காரரைத் தெருமுனைக் கடையில் ‘நல்லவர்’ என்று சொன்னால்தான் தெரியும். யாருக்கும் தொந்தரவு கொடுக்காதவர், குரல் உயர்த்தாதவர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாதவர். கதவைத் திறந்ததும் நர்ஸைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“வாம்மா வா! எல்லாம் முடிஞ்சுதா? நானும் வீட்டைக் கொடுத்துட்டேன். அட்வான்ஸ் வாங்கியாச்சு. வாங்கறவங்க இப்ப அளவெடுக்க வர்றாங்க, அதனால ரொம்ப நேரம்...”

“அஞ்சு நிமிஷம்” என்றபடி ரிங்டோன் உள்ளே நுழைந்துவிட்டாள். போனில் விற்ற காலத்துப் பழக்கம். ‘ரொம்ப நேரம் இல்லை’ என்பது அவளுக்கு அழைப்பு மாதிரி.

மாடிப்படி இடப்பக்கம். எதிர்ச்சுவரில் வட்டக் கடிகாரம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. பிளக் பாயிண்ட் எல்லாம் மார்பு உயரத்தில் இருந்தன. ஃப்ரிட்ஜ் ஒரு சிமெண்ட் மேடை மீது, பேசப்போகும் தலைவர் மாதிரி ஏறி நின்றது. சோபாவுக்குக் கால்கள் இரும்புக் குழாய். சுவரில் தொடை உயரம் வரைக்கும் புதுப் பெயிண்ட், அதற்கு மேலே பழைய பெயிண்ட்.

“அழகா இருக்கு சார்” என்றாள் ரிங்டோன். “ஃப்ரிட்ஜ் ஏன் மேடை ஏறியிருக்கு?”

“அது... காத்தோட்டத்துக்கு.”

“பிளக்கெல்லாம் ஏன் கழுத்துக்கிட்ட இருக்கு?”

“குனிய முடியலம்மா. வயசாச்சு.”

“சுவருக்கு மட்டும் ஏன் அரைப் பாவாடை கட்டி விட்டிருக்கீங்க?”

நல்லவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ஈரம் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, படத்தை அதன் பக்கத்தில் சுவரோடு வைத்துப் பிடித்தார். கடிகாரம், அதன் கீழே இருந்த ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த விரிசல். படத்தில் இருந்தது எல்லாம் சுவரிலும் இருந்தது.

நல்லவர் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தார்.

“பதினெட்டுல இருந்தவர் உங்களுக்கு யாரு?” என்று கேட்டார் ஈரம்.

“மச்சான். என் சம்சாரத்தோட அண்ணன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாங்கினோம். அவர் முன்னாடியே மேல் வீட்டை எடுத்துக்கிட்டார், விவரமானவர்.” கைப்பிடியை உள்ளங்கையால் தடவினார். “மொத தடவை தண்ணி வந்தப்ப எனக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கால்வாய்க்கு இவ்ளோ பக்கத்துல யாரும் தரமாட்டேன்னுட்டாங்க. கட்டில், பீரோ, அவளோட தையல் மெஷின், எல்லாம் போச்சு. மச்சானுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ‘அழாதே, என் பேர்ல எழுதிக்கலாம், வீடு ரெண்டும் ஒரே மாதிரிதானே’ன்னார். போட்டோ எடுத்து அனுப்பினோம். யாரும் வந்து பார்க்கல.”

“அடுத்த தடவையும் யாரும் வந்து பார்க்கல.”

“ஆமா.”

“மூணாவது தடவை பழக்கமாயிடுச்சு” என்று முடித்து வைத்தாள் ரிங்டோன். “அதனால மேட்டுல இருக்கற வீட்டுக்கு மூணு வெள்ளம். பள்ளத்துல இருக்கற வீடு பதிவுல பச்சைக் குழந்தை.”

நர்ஸ் நல்லவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் உங்களைக் கேட்டேனே. சொல்லியிருக்கலாமே சார். எங்கப்பாவைப் பத்தியும் சொன்னேனே.”

“உங்க வீட்டுக்கு ஒரு சொட்டு வந்ததில்லன்னு சொன்னேன்மா. அது சத்தியமான வார்த்தை” என்றார் நல்லவர் தரையைப் பார்த்தபடி. அது சத்தியம்தான் என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது ரிங்டோனுக்கு.

அழைப்பு மணி அடித்தது.

நல்லவர் எழுவதற்குள் ரிங்டோன் போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஓர் அம்மாள் கையில் அளவு டேப்புடன் நின்றார். அவருக்குப் பின்னால், திரைச்சீலை ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி, கிளை மேலாளர்.

ரிங்டோன் வாழ்க்கையில் வாயடைத்துப் போன தருணங்கள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் கதவை அகலத் திறந்து, “வாங்க சார், வாங்க! செருப்பைக் கழட்டி மேல எங்கயாவது வைங்க, மிதக்கும்” என்றாள்.

*

விஷயம் புரிய மேலாளருக்கு நாலு நிமிடம் பிடித்தது. முதலில் நம்ப மறுத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். ஆல்பம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“ஆனா நான் செக் பண்ணினேனே! இருபதாம் நம்பர், ஒரு கிளெய்ம் கூட இல்ல. பக்கத்து வீட்ல தண்ணி வருதுன்னு காரணம் சொல்லி விலையைக் கூடக் குறைச்சேனே!”

“சாமர்த்தியம்” என்றார் ஈரம். “மேல இருக்கற வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. மூணு அடி கீழ இருக்கற வீடு காய்ஞ்சு கிடக்கு. தண்ணி உங்க பதிவைப் படிச்சுட்டு வீடு வீடா போகும்னு நினைச்சீங்க, இல்லையா?”

மேலாளரின் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். அளவு டேப்பைச் சத்தமில்லாமல் சுருட்டினார். “நான் முதல் நாளே கேட்டேன். அங்க முழங்கால்னா இங்க கழுத்து, அது எப்படி வராம இருக்கும்னு கேட்டேன். ‘உனக்குக் கணக்குதான் தெரியும், இன்சூரன்ஸ் தெரியாது’ன்னீங்க.”

மேலாளர் நல்லவர் பக்கம் திரும்பினார். “என் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க.”

“வீட்டைப் பார்த்துத்தானே சார் கொடுத்தீங்க...” என்று நல்லவர் முணுமுணுத்தார். நல்லவர்களுக்கும் ஓர் அளவு உண்டு.

“ஒப்பந்தத்துல வெள்ளம் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?” என்று கேட்டார் ஈரம்.

“இருக்கு. இந்த வீட்ல வெள்ளம் வந்ததே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். நான்தான் வற்புறுத்தி எழுத வச்சேன்.”

“அப்ப அட்வான்ஸ் திரும்பி வரும். ஆனா வெள்ளம் வந்ததுன்னு நீங்க நிரூபிக்கணும். அதுக்கு ஒரே ஆதாரம் இந்த மூணு படம். இது இருபதாம் நம்பரோட படம், பதினெட்டோடது இல்லன்னு உங்க கம்பெனி எழுதிக் கொடுக்கணும். அந்தக் கம்பெனியில எழுதிக் கொடுக்க வேண்டிய ஆள்...” ஈரம் சுற்றும் முற்றும் தேடுவது போல் பார்த்தார். “இங்க யாராவது இருக்காங்களா?”

மேலாளர் பேனாவைத் தொட்டார். தொட்டவர் எடுக்கவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. ரிங்டோனுக்கு ஏனென்று புரியவில்லை. ஈரம் கையிலிருந்த படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டியதும் புரிந்தது.

‘நேரில் பார்வையிடத் தேவையில்லை. அனுமதிக்கப்பட்டது.’ முத்திரை. அதன் கீழே ஒரு கையெழுத்து. மூன்று படத்திலும் அதே கையெழுத்து.

“உங்களோடதா சார்?” என்றாள் ரிங்டோன். “அழகான கையெழுத்து. ஒண்ணுக்கொண்ணு அச்சு மாதிரி இருக்கு. பார்க்காமலே போட்டா இப்படித்தான் வரும்.”

மேலாளர் ஈரத்தைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். குரல் கெஞ்சலாக இறங்கியது. “சார், நீங்களும் இந்த லைன்ல இருந்தவர்தானே. நான் எழுதிக் கொடுத்தா மூணு கிளெய்மும் தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வேலைக்கே உலை வச்சிடுவாங்க. ஒரு பத்து நாள் கொடுங்க. நானே பதமா மேல பேசிச் சரி பண்ணிடறேன்.”

“எனக்குப் பத்து நாள் இல்ல சார்” என்றாள் நர்ஸ். குரல் உயரவில்லை. “நாலு மணி வரைக்கும்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை எங்கப்பாவை நாலு பேர் நாற்காலியோட தூக்கிக் கீழ இறக்கப் போறாங்க. இறக்கினா எங்கயாவது கொண்டு போகணும்.”

கணக்கு டீச்சர் குனிந்து ஆல்பத்தை எடுத்தார். அதன் பின் அட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, சிமெண்ட் மேடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எழுதுங்க.”

“நீ புரியாம...”

“எழுதலைன்னா இந்த வீட்டை வாங்கணும். வாங்கினா இங்க குடியிருக்கணும். நீங்க மட்டும் தனியா.” டேப்பைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். “வேலை போனா நான் ட்யூஷன் எடுக்கறேன். எழுதுங்க. பிழை இல்லாம எழுதுங்க.”

மேலாளர் எழுதினார். ஃப்ரிட்ஜ் மேடையில் குனிந்து, வியர்வை சொட்டச் சொட்ட, ஒன்றரைப் பக்கம். படங்கள் எந்த வீடு, பதிவு எந்த வீட்டின் பேரில், நேரில் பார்க்காமல் அனுமதித்தது யார் என்ற கடைசி வரி வரை. அந்த வரியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. மனைவி தொண்டையைக் கனைத்தார். பேனா நகர்ந்தது. பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டு, பதினெட்டாம் எண்ணுக்குப் பாலிசி தயார் செய்யச் சொன்னார். அந்தப் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது.

“பதிவுல இருக்கறது தப்புய்யா!” என்று கத்தினார் மேலாளர்.

ரிங்டோன் கை தட்டவில்லை. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

*

மணி இரண்டு. மேலாளரின் காரிலேயே நர்ஸ் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவானது. கணக்கு டீச்சர் முன் சீட்டில், கணவர் தப்பித்துப் போகாமல் பார்த்துக்கொள்ள. ஏறுவதற்கு முன் நர்ஸ் ஈரத்திடம் திரும்பி வந்தாள்.

“சார், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

ஈரம் பதினெட்டின் வாசற்படியைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார்.

“இதுவரைக்கும் வந்ததில்ல. இதுவரைக்கும் வந்ததைவிட ஒண்ணரை அடி அதிகமா ஏறினா உங்க வீட்டுக்குள்ளயும் வரும். ஏறவே ஏறாதுன்னு நான் சொல்லமாட்டேன், சொல்றவனை நம்பாதீங்க. ஆனா தண்ணி முதல்ல இருபதாம் நம்பருக்குள்ள போகணும். அங்க நிறையணும். அதுக்கு அப்புறம்தான் உங்க படி. ஆளை வெளிய கொண்டுபோக ரெண்டு மணி நேரமாவது கிடைக்கும். உங்க ட்யூட்டி நேரத்துல வந்து கூட இருக்க ஒரு ஆளைப் பேசி வையுங்க.”

நர்ஸ் யோசித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக மனதுக்குள் எடுத்து வைப்பது போலிருந்தது.

“ரெண்டு மணி நேரம் போதும் சார்” என்றாள். “மாடியில அவருக்கு ரெண்டு நிமிஷம் கூடக் கிடையாது. தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு தினமும் யோசிச்சுக்கிட்டேதான் வேலைக்குப் போறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

கார் மேடேறி மறைந்தது. ரிங்டோன் திரும்பியபோது நல்லவர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் முதல் தடவையாக மடிப்பு கலைந்திருந்தது.

“என்னை என்ன பண்ணுவாங்க?” என்று ஈரத்தைக் கேட்டார்.

“கம்பெனி திருப்பிக் கேக்கும். மச்சானையும் கேக்கும். நீங்களே முன்னால போய்ச் சொன்னா கொஞ்சம் மரியாதையா கேக்கும்.”

நல்லவர் தலையாட்டினார். போகவில்லை. கதவு நிலையை நகத்தால் சுரண்டினார்.

“ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டீங்களே? இனிமே இந்த வீட்டை யாரும் வாங்கமாட்டாங்க. நான் இங்கதான் கிடக்கணும். மழைக்காலம் வருது. வெள்ளம் வந்த வீட்டுக்கு, உள்ளதை உள்ளபடி சொன்னா, இன்சூரன்ஸ் தர்ற கம்பெனி ஏதாவது இருக்கா சார்?”

ரிங்டோன் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு நாக்கு நுனியில் ஏழெட்டு இருந்தன. அந்த ஆள் நின்ற நிலையைப் பார்த்து எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“இருக்கு” என்றார் ஈரம். “பிரீமியம் கூடுதலா கேப்பாங்க. மொத கொஞ்ச நஷ்டத்தை நீங்களே ஏத்துக்கணும்பாங்க. பின்வாசல்ல தண்ணி தடுக்கப் பலகை போடச் சொல்லுவாங்க. பிளக்கையும் ஃப்ரிட்ஜையும் ஏற்கெனவே ஏத்தி வச்சிருக்கீங்க, அதுக்குக் கொஞ்சம் குறைப்பாங்க. ரிங்டோன், கார்ல விண்ணப்பம் இருக்கும் பாரு.”

அவள் எடுத்து வந்தாள். மூன்று பேரும் அந்த வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். பெயர், விலாசம், எத்தனை மாடி, என்ன கூரை. நல்லவர் சொல்லச் சொல்ல அவள் நிரப்பினாள். ஒன்பதாவது கேள்வி வந்தது.

“இந்த வீட்டில் இதுவரை எத்தனை முறை வெள்ளம் வந்திருக்கிறது.” அவளே பதிலையும் எழுதப் போனாள். “மூணு.”

நல்லவர் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார்? மூணுதானே?”

“அஞ்சு” என்றார்.

“அஞ்சா? பதிவுல மூணுதானே இருக்கு?”

நல்லவர் வெட்கத்தோடு தரையைப் பார்த்தார்.

“ரெண்டு தடவை மச்சான் ஊர்ல இல்லம்மா.”